கண்ணை மூடு, கையை நீட்டு

மார்ச் பிறந்தால் லண்டன் முழுக்க மஞ்சள் டஃபடில் பூத்துக் கிடக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் ஆகா, வசந்தம் என்று வாயைப் பிளப்பார்கள். எனக்கு வயிறு எரியும். பூ என்ன பாவம் செய்தது என்று நீங்கள் கேட்கலாம். பூ ஒரு பாவமும் செய்யவில்லை. அதைக் கொண்டுவந்து என் கையில் தந்த மனுஷிதான் செய்தார். அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த நாளில் கிழக்கு லண்டன் இல்ஃபோர்ட்டில் இருந்த பழைய ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். விளங்கினால் அவர்களுக்கு என்மேல் கோபமும் வரும். வரட்டும்.

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த நாங்கள் அவரை டொக்டர் அக்கா என்போம். அவர் டொக்டர் இல்லை, அவருடைய கணவர்தான் டொக்டர். எங்களுக்கெல்லாம் முன்னமே, படிக்க வந்த காலத்தில் வந்தவர்கள். வடக்கே, ஸ்கொட்லாந்து எல்லைக்குக் கிட்ட ஒரு மலைக்கிராமத்தில் டொக்டருக்கு வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு பழைய கல்வீட்டை வாங்கி இருந்துவிட்டார்கள். சுற்றிவரச் செம்மறியாட்டுப் பண்ணைகள். பிள்ளைகள் இல்லை. கதைக்கத் தமிழும் இல்லை. அக்காவுக்கோ ஆட்கள் வேண்டும். அதனால் வருஷத்தில் மூன்று நான்கு தரம் ஆறேழு மணித்தியாலம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு எங்களைப் பார்க்க வருவார்.

குளிர்காலத்தில் அவர்களுடைய மலைப்பாதை பனியால் மூடிவிடும். கார்த்திகையோடு வரவு நிற்கும். பிறகு பூவோடுதான் வருவார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு முழுக்க டஃபடில் இருந்தது. லண்டனில் பூத்துக் கருகி முடிந்த பிறகுதான் அங்கே மொட்டு விடும். கார் டிக்கியில் வாளி வாளியாகத் தண்ணீர் வைத்து, மொட்டுகளைப் பத்துப் பத்தாக ரப்பர்பாண்ட் போட்டுக் கட்டி, இல்ஃபோர்ட்டிலும் செவன் கிங்ஸிலும் நாங்கள் இருந்த அறைகளுக்கெல்லாம் ஏறி இறங்கிக் கொடுப்பார். "உங்களுக்கு நான் ரெண்டாவது வசந்தம் கொண்டுவந்திருக்கிறன்" என்பார். கதவைத் திறந்ததும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்.

"கண்ணை மூடு, கையை நீட்டு."

அக்கா அப்படித்தான். எதைக் கொடுத்தாலும் கையால்தான் கொடுப்பார். கொடுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் வந்திறங்கிய முதல் குளிர்காலத்துக்கு முன் ஒரு மேலங்கி கொண்டுவந்தார். அளவு சரியா என்று தோளைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். நான் அழுதேன். அவருக்கு அது போதும். அன்றைக்கு முழுக்க ஒரே சந்தோஷம், ஒரே சிரிப்பு.

ஆனால் அவருக்கு யாரும் ஒன்றும் கொடுக்க ஏலாது. நான் வேலை செய்த சாண்ட்விச் ஃபாக்டரியில் கிறிஸ்மஸுக்குத் தந்த கேக்கை ஒருமுறை அவர் பூவோடு வரும்வரை அவருக்கென்று எடுத்து வைத்திருந்தேன். "எனக்கேன் பிள்ளை உது, நீ சாப்பிடு" என்று மேசையில் தள்ளி வைத்தார். நான் திரும்பவும் நீட்டினேன். உடனே கைப்பையைத் திறந்து, கேக்குக்குப் பதிலாக எனக்கு ஒரு சோடி கையுறை எடுத்துத் தந்தார். அப்போது எனக்கு அது பெருந்தன்மையாகத்தான் தெரிந்தது.

இனிக் கடிதக் கதைக்கு வர வேண்டும். என்னுடைய நிலைமை இதுதான். ஊரில் ஆமிக்காரர் என் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. இரண்டு வயது மகள் வதனியைத் தங்கையிடம் விட்டுவிட்டு நான் தனியாக லண்டன் வந்து அகதியாகப் பதிந்தேன். எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தால்தான் பிள்ளையைக் கூப்பிடலாம். அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் விடிய நாலு மணிக்கு எழும்பி முட்டை மணக்கிற அந்த ஃபாக்டரிக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

கடிதம் வருவதென்றால் முகவரி வேண்டும். நாங்களோ மூன்று மாதத்துக்கு ஓர் அறை மாறுகிறவர்கள். இல்ஃபோர்ட்டில் ஒருத்தியின் கடிதத்தை வீட்டுக்காரன் குப்பையில் போட்டுவிட, அவளுக்கு அகதி வழக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டொக்டர் அக்காவின் வீட்டு முகவரியைக் கொடுப்பது. அது மாறாது. டொக்டர் வீடு என்றால் வெள்ளைக்காரனுக்கும் ஒரு மதிப்பு இருக்கும் என்று நினைத்தோம். என்ன புத்திசாலிகள் நாங்கள்! லண்டனில் இருந்துகொண்டு, இங்கேயே தெற்கே குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வருகிற கடிதத்தை முன்னூறு மைல் வடக்கே அனுப்பச் சொன்னோம். ஏழெட்டுப் பேர் அப்படிக் கொடுத்திருந்தோம். அக்காவுக்கு அதில் சரியான பெருமை.

முதல் வருஷம் ஏப்ரலில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். ஃபாக்டரியில் ஒரு கிழமை லீவு கிடைத்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு கிழமைபோல நான் இந்த நாட்டில் பிறகு ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை. விடிய அக்கா வந்து போர்வையை இழுப்பார். "எழும்பு பிள்ளை, பனி உருகுது, சத்தத்தைக் கேள்." ஜன்னலைத் திறந்தால் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். கீழே ஓடை அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது, இப்போது ஒரே இரைச்சல். நீண்டு வளைந்த சொண்டோடு ஒரு பறவை மேலே வட்டமடித்துக்கொண்டு விசிலடிக்கும். மண்ணில் ஒரு நனைந்த மணம். ஃபிளாஸ்க்கில் தேநீரும், பேப்பரில் சுற்றிய புட்டும் சம்பலும் எடுத்துக்கொண்டு போய்க் கல்மதிலில் ஏறி இருப்போம். இருவரும் வெய்யிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இருப்போம். மூக்கு மட்டும் குளிரும்.

ஒருநாள் பக்கத்துப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொட்டில் வாசலில் நிறுத்தினார். "கண்ணை மூடு, கையை நீட்டு." சூடாக, ஈரமாக, நடுங்கிக்கொண்டு ஏதோ ஒன்று கையில் வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தால் அப்போதுதான் பிறந்த செம்மறிக்குட்டி. எனக்கு வதனி பிறந்த நாள் நினைவு வந்தது. அந்த இடத்திலேயே இருந்து குழறி அழுதேன். அக்கா என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவருடைய கண்ணிலும் தண்ணீர். அவரும் ஒரு பிள்ளைக்காக ஏங்கினவர்தானே. அன்றைக்கு நான் அவரைச் சொந்தச் சகோதரியாகத்தான் நினைத்தேன்.

சமைக்கிற குசினி ஜன்னலில் ஒரு பிரம்புக்கூடை இருந்தது. தபால் வந்தால் அதில் போடுவார். ஊர்க்கடிதங்களை அன்றைக்கே வேறு உறையில் போட்டு லண்டனுக்கு அனுப்பிவிடுவார். ஒருத்தருடைய கடிதத்தையும் உடைத்துப் பார்க்க மாட்டார், அதில் நேர்மையான மனுஷி. ஆனால் அரசாங்கத்தின் மண்ணிற உறைகள் மட்டும் கூடையிலேயே கிடக்கும்.

"உது செவன் கிங்ஸ் பொடியனுக்கு" என்று ஒன்றை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தார். "பாரமாய் இருக்கு. நல்ல செய்திதான். பூ வெட்டினவுடன கொண்டுபோய்க் கையில குடுக்கப் போறன்."

நானும் சிரித்தேன். ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தக் கிழமை முடிய, பூவும் கடிதமும் நானுமாக லண்டன் வந்தோம். அந்தப் பொடியனைக் கண்ணை மூடச் சொல்லிக் கையில் உறையை வைத்தார். அக்கா சொன்னது சரி, இருக்க அனுமதி தந்த கடிதம். பொடியன் மாடிப்படியிலேயே அவருடைய காலில் விழுந்தான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அது ஆறு கிழமை கூடையில் கிடந்த கடிதம் என்று எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அக்கா அந்தக் கதையை ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அடுத்த வருஷம் குளிர் போகிறபாடில்லை. சித்திரை பிறந்தும் அவர்கள் பக்கம் பனி. "பூ இன்னும் கண் திறக்கேல்லை பிள்ளை" என்று ஃபோனில் சலித்துக்கொள்வார். ஏப்ரல் மூன்றாம் கிழமைதான் வந்தார். நான் வேலையால் வந்து உடுப்பும் மாற்றவில்லை.

"கண்ணை மூடு, கையை நீட்டு."

குளிர்ந்த தண்டுகள். அவற்றுக்குக் கீழே ஏதோ தாள் தட்டுப்பட்டது.

"இப்ப திற. உடை, உடை. நான் பாக்க வேணும்."

உடைத்தேன். நல்ல செய்தி இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. குரோய்டனுக்கு நேர்காணலுக்கு வா என்று அழைப்பு. வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும் என்று கீழே ஒரு வரி. திகதியைப் பார்த்தேன். பதினாறு நாளுக்கு முன்னம் முடிந்துவிட்டது.

"என்ன பிள்ளை, என்ன எழுதியிருக்கு?"

"அக்கா, இது எப்ப வந்தது?"

"பங்குனி தொடக்கத்தில. ஏன்?"

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே அக்கா."

"ஃபோனில சொன்னால் உன்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார். "நான் உடைச்சுப் பாக்கேல்லையே, நான் ஒருத்தற்ற கடிதத்தையும் உடைக்கிறேல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவமாகத்தான் இருந்தது. இதுவரைக்கும் நான் அவரில் ஒரு குற்றமும் பிடிக்க மாட்டேன். தெரியாமல் நடந்த பிழை. அவருக்கு என்மேல் இருந்த அன்பால் நடந்தது என்றுகூடச் சொல்வேன்.

மறுநாள் சொலிசிட்டரிடம் ஓடினேன். ஒரு பஞ்சாபிப் பெண், நல்லவர். பயப்படாதே, வழி இருக்கிறது என்றார். கடிதம் வந்து சேர்ந்த வீட்டுக்காரர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கடிதம் இந்தத் திகதியில் எங்களிடம் வந்தது, எங்கள் பிழையால் இந்தத் திகதிவரை இவளிடம் கொடுக்கவில்லை என்று. அவ்வளவுதான். அதைக் காட்டினால் இன்னொரு திகதி கேட்கலாம்.

அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். "டொக்டரிட்டச் சொல்லி உனக்கு அண்டைக்குச் சுகமில்லையெண்டு சேர்டிபிகேட் எடுத்துத் தாறன்" என்றார்.

"அது பொய் அக்கா. அந்தச் சொலிசிட்டர்ப் பிள்ளை பொய்க்கடிதம் எடுக்கமாட்டன் எண்டு முதலே சொல்லிட்டுது. உண்மையை எழுதினால் காணும்."

இரண்டு நாளில் ரெயினில் வந்துவிட்டார். கையில் முறுக்கு நிறைத்த தகரப் பேணி. நான் அந்த இரண்டு வரியை ஆங்கிலத்தில் எழுதி, பேனாவையும் மேசையில் வைத்திருந்தேன். வாசித்தார். முகம் கறுத்தது.

"எங்கட பிழையால எண்டு போட்டிருக்கு."

"ஓம் அக்கா."

"இவர் அந்த ஊருக்கே டொக்டர், பிள்ளை. கவர்மெண்ட் கடிதத்தை மறைச்சு வைச்ச வீடெண்டு எழுதிப்போடுவாங்கள்."

"மறைச்சதெண்டு ஆர் சொன்னது? மறந்திட்டன் எண்டு எழுதுங்கோ."

"நான் மறக்கேல்லையே!" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "ஒவ்வொரு நாளும் அதைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். உனக்கு எண்டு எவ்வளவு ஆசையோட வைச்சிருந்தனான். அதைப் பிழையெண்டு என்ர கையால எழுதச் சொல்லுறியோ?"

"அக்கா, என்ர பிள்ளைக்கு நாலு வயசாகுது. உங்கட ஒரு கையெழுத்து."

கையிலிருந்த காப்பைக் கழற்றினார். "இதை வைச்சுக்கொள். வேற பெரிய லோயரைப் பிடி. என்ன வேணுமெண்டாலும் கேள், தாறன். உதை மட்டும் கேளாதை."

நான் காப்பைத் தள்ளினேன். அவர் அழத் தொடங்கினார். தேம்பித் தேம்பி அழுதார். கடைசியில் நடந்தது என்ன தெரியுமா? நான் எழும்பித் தேநீர் ஊற்றிக் கொடுத்து, முதுகைத் தடவி, "சரி அக்கா, விடுங்கோ அக்கா" என்று அவரைத் தேற்றினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். "இவரிட்டக் காட்டிப்போட்டு அனுப்பிறன்" என்றார். நான் பத்து நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பதினோராம் நாள் ஒரு பார்சல் வந்தது. அதற்குள் கம்பளியில் பின்னிய ஒரு சின்னச் சட்டை, நாலைந்து வயதுப் பிள்ளைக்கு அளவானது. வேறு ஒரு துண்டும் இல்லை. ஃபோன் எடுத்தேன். டொக்டர் எடுத்து, அக்காவுக்குச் சுகமில்லை, படுத்திருக்கிறா என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

வழக்கு தள்ளுபடியானது. பிறகு மேன்முறையீடு, பிறகு இன்னொன்று. கடிதம் பிந்தி வந்தது என்று நான் சொன்னேன், அத்தாட்சி எங்கே என்றார்கள். எங்கள் ஆட்களிடம் சொன்னால் எனக்குத்தான் பேச்சு. "அவ எங்களுக்கு எவ்வளவு செய்தவ! ஒரு சின்னப் பிழைக்கு அவவை எழுத்தில மாட்டப் பாக்கிறாளே, நன்றி கெட்டவள்." காலில் விழுந்த அந்தப் பொடியன்கூட என் முகத்துக்கு நேரே இதைச் சொன்னான். அவர் தந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டுதானே நான் நின்றேன்.

ஊரிலிருந்து வதனியின் குரலைத் தங்கை கசெட்டில் பதிந்து அனுப்புவாள். முதலில், "அம்மா, எப்ப வருவீங்கள்?" என்று அழுதாள். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டெல்லாம் பாடினாள். பிறகு வந்த கசெட்டுகளில், "நான் சுகம். நீங்களும் சுகமென நினைக்கிறேன்" என்று கடிதம்போல வாசித்தாள். பின்னால், "வேற என்ன சொல்ல சின்னம்மா?" என்று மெல்லக் கேட்பதும் பதிந்திருக்கும்.

எனக்கு இருக்க அனுமதி கிடைத்து, பிள்ளையைக் கூப்பிடலாம் என்று வந்தபோது தொண்ணூறுகள் பிறந்து சில வருஷமாகிவிட்டது. வதனிக்குப் பத்து வயது. கூப்பிடுவதற்கு ஒரு பொறுப்பாளி வேண்டும். என் சம்பளம் காணாது, வசதியான யாராவது கையெழுத்து வைக்க வேண்டும். எனக்கு யாரைத் தெரியும்? இரண்டு கிழமை மானம் ரோசமெல்லாம் பார்த்தேன். பிறகு பிள்ளைக்காக ஃபோன் எடுத்தேன்.

"ஐயோ பிள்ளை, உதைக் கேக்க உனக்கு இவ்வளவு காலமோ?" என்றார் டொக்டர் அக்கா. அடுத்த சனிக்கிழமையே ஃபோம்களோடு செவன் கிங்ஸ் வந்து, என் மேசையில் வைத்து மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நீளமான, வடிவான கையெழுத்து. நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன், என்ன செய்ய?

வதனி வந்த அன்று விமானநிலையத்தில் நான் அழைக்காமலே நின்றார். காரும் கொண்டுவந்திருந்தார். ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு வதனி வெளியே வந்தாள். நெடுத்து, மெலிந்து, இரட்டைப் பின்னலோடு. என்னைப் படத்தில் பார்த்திருந்ததால் அடையாளம் கண்டு கிட்ட வந்தாள். "சுகமாய் இருக்கிறீங்களோ?" என்றாள். நான் கட்டிப்பிடித்தேன். விடும்வரைக்கும் பொறுமையாக நின்றாள்.

காரில் பின்னால் நானும் அவளும். நடுவில் அவளுடைய பையை வைத்துக்கொண்டாள். கொஞ்சத் தூரம் ரோட்டையும் லொறிகளையும் பார்த்துக்கொண்டு வந்தவள், திரும்பி, பள்ளிக்கூடத்தில் கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"சின்னம்மா சொன்னவ, உங்கட கடிதம் பிந்தினபடியாத்தான் நான் முந்தியே வரேலாமப் போனதெண்டு. அதை ஆர் பிந்தப்பண்ணினது?"

முன் கண்ணாடியில் அக்காவின் கண்கள் தெரிந்தன. ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தன. ஆறு வருஷம் நான் படுத்து எழும்பின கேள்வி, பிள்ளையின் வாயிலிருந்து வந்து நிற்கிறது. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மூன்று கையெழுத்தில்தானே பிள்ளை என் பக்கத்தில் இருக்கிறாள். அந்த மனுஷி பொறுப்பை விட்டேன் என்று ஒரு வரி எழுதினால் என்ன ஆகும் என்ற பயம். பயந்தவளாகவே வாழ்ந்து எனக்குப் பழகியும் போயிருந்தது.

"தபால்தான் பிள்ளை" என்றேன். "தபால் பிந்திப் போச்சுது."

கண்கள் ரோட்டுக்குத் திரும்பின. அக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்.

"ஓம் குஞ்சு. அந்த நாளில உந்தத் தபாலை நம்பேலாது. அதுதான் நான் எல்லாத்தையும் என்ர கையாலயே கொண்டந்து குடுக்கிறனான். உன்னையும் இண்டைக்கு அம்மாவிட்ட நான்தானே குடுக்கிறன்?"

வதனி முன்னால் இருந்த இரண்டு சீற்றுக்கும் நடுவால் எட்டி, "தாங்க்ஸ் அன்ரி" என்று சிரித்தாள். வந்திறங்கிய பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தரம். அக்கா அந்த முகத்தைக் கண்ணாடியில் நன்றாகப் பார்த்தார். பின்னால் இருந்த எனக்கு அவளுடைய பின்னல் மட்டும்தான் தெரிந்தது.